நனோ துகளும் ஆய்வுகூட எலியும்: எந்தச் செய்தியை எவ்வளவு நம்புவது?

"ஐரோப்பா தடைசெய்த விஷம் உங்கள் பிள்ளையின் இனிப்பில்" என்ற மாதிரியான தகவல்கள் கொழும்பில் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகின்றன. கூடவே கட்டி வளர்ந்த ஓர் எலியின் படமும் வரும். அதே குழுவில் இன்னொருவர், "நீதிமன்றமே ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டது" என்று பதில் போடுவார். இரண்டு பேரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றி: வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கும் டைட்டேனியம் டயொக்சைட் என்ற தூள். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, ஆய்வுகூட எலிகளுக்கு உண்மையில் என்ன கொடுத்தார்கள், எந்த வழியால் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், ஆபத்து அதிகம் இருக்கும் இடம் இனிப்புக் கடை அல்ல, தூள் பறக்கும் வேலைத்தலம் என்பதுதான் என் முடிவு. ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

## அடிப்படை: அளவு ஏன் முக்கியம்

ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு நனோமீற்றர். ஏறத்தாழ 1 முதல் 100 நனோமீற்றர் வரை அளவுள்ளவற்றை நனோ துகள்கள் என்கிறார்கள். நம் தலைமயிரின் தடிப்பே சுமார் 80,000 நனோமீற்றர். காலி வீதியில் பஸ் கக்கும் புகையிலும் விறகடுப்புப் புகையிலும் இந்த அளவுத் துகள்கள் உண்டு. அவை தானாக உண்டாகுபவை. இந்தக் கட்டுரை வேண்டுமென்றே தயாரிக்கும் துகள்களைப் பற்றியது: சன்ஸ்கிரீனில் போடும் சிங்க் ஒக்சைட், கிருமி கொல்லத் துணியில் சேர்க்கும் வெள்ளி, பிளாஸ்டிக்கை உறுதியாக்கும் காபன் நனோகுழாய், எதையும் வெள்ளையாக்கும் டைட்டேனியம் டயொக்சைட். கடைசியாகச் சொன்னதன் மூலப்பொருள் நமக்கு அந்நியமானதல்ல. புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலில் கிடைக்கும் இல்மனைட்டும் ரூட்டைலும்தான் அது.

சின்னதாகும்போது ஒரு பொருளின் குணம் ஏன் மாறுகிறது? மேற்பரப்புத்தான் காரணம். 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு வெறும் 6 சதுர சென்ரிமீற்றர். அதே கட்டியை 10 நனோமீற்றர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகிவிடும். கொழும்புக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 24 பேர்ச்சஸ் காணி. நிறை ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. ஆனால் உடலின் கலங்களோடு உரசும் பரப்பு பத்து இலட்சம் மடங்கு பெருகிவிட்டது. இரசாயன வினைகள் நடப்பது அந்தப் பரப்பில்தான். இரும்பு, டைட்டேனியம் போன்ற உலோகத் துகள்களின் மேற்பரப்பில் உருவாகும் வினைத்திறன் மிக்க ஒட்சிசன் மூலக்கூறுகள் கலமென்சவ்வையும் புரதங்களையும் டிஎன்ஏயையும் தாக்கக்கூடியவை. அதற்கு உடல் காட்டும் எதிர்வினைதான் அழற்சி. நனோ துகள்களின் நச்சுத்தன்மை பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை, எங்கே ஆரம்பித்தாலும், கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டிலும்தான்: ஒட்சியேற்ற அழுத்தம் (மேலே சொன்ன ஒட்சிசன் மூலக்கூறுகளின் தாக்குதல்), அழற்சி.

## எலிக்குள் எந்த வழியால் போகிறது

செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் தகவல் இது. ஆனால் விடையைத் தீர்மானிப்பதே இதுதான்.

1. சுவாசிக்க விடுதல். மூடிய அறையில் தூசியைப் பரவவிட்டு, நாளுக்கு 6 மணித்தியாலம், வாரத்துக்கு 5 நாள் என்று எலிகளை வைத்திருப்பார்கள். ஒரு தொழிலாளியின் வேலைநாளை ஒத்த ஏற்பாடு இது. செலவும் அதிகம்.

2. மூச்சுக்குழாயில் துளியாக ஊற்றுதல். மலிவான முறை. ஆனால் மாதக்கணக்கில் போக வேண்டிய அளவு ஒரு நொடியில் போய்விடும். இங்கே காணும் அழற்சியில் எவ்வளவு துகளால் வந்தது, எவ்வளவு அந்தத் திடீர் வெள்ளத்தால் வந்தது என்று பிரித்தறிவது கஷ்டம்.

3. வாய்வழி. குழாய் மூலம் இரைப்பைக்குள், அல்லது தண்ணீரில், அல்லது தீவனத்தில். மூன்றும் ஒன்றல்ல, கீழே பார்ப்போம்.

4. தோலில் பூசுதல்.

5. ஊசி. நாளத்தில் ஏற்றினால் பெரும்பாலான துகள்கள் ஈரலிலும் மண்ணீரலிலும் போய்த் தேங்கும். மருந்தாகக் கொடுக்கவிருக்கும் துகளுக்கு இந்தச் சோதனை அவசியம். பற்பசைக்கு இதனால் அவ்வளவு பயனில்லை.

இலங்கையில் இப்படியான சோதனைகளுக்குப் பெரும்பாலும் விஸ்டார் இன வெள்ளெலிகளைப் பயன்படுத்துகிறார்கள். நம் பல்கலைக்கழக ஆய்வுகள் பலவற்றுக்குப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலிருந்துதான் அவை போகின்றன.

## நுரையீரல்: சான்று மிக உறுதியாக உள்ள இடம்

1985 இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளை இரண்டு வருடம் சாதாரண அளவு டைட்டேனியம் டயொக்சைட் தூசியைச் சுவாசிக்க விட்டார்கள். ஒரு கன மீற்றர் காற்றில் 10, 50 மில்லிகிராம் இருந்தபோது தூசியால் நுரையீரல் கட்டிகள் கூடவில்லை. 250 மில்லிகிராமில் கூடின. பத்து வருடம் கழித்து, 1995 இல், நனோ அளவுத் தூளை வைத்து ஜேர்மனியில் இதேபோல் ஒரு சோதனை நடந்தது. அங்கே ஏறத்தாழ 10 மில்லிகிராமிலேயே கட்டிகள் வந்தன. இரசாயனப் பெயர் ஒன்றுதான். தேவைப்பட்ட நிறை மட்டும் இருபத்தைந்தில் ஒரு பங்கு. துகளின் நச்சை நிறையால் அளப்பதா மேற்பரப்பால் அளப்பதா என்ற விவாதம் சூடுபிடித்தது இப்படியான முடிவுகளால்தான்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுண்டெலிகளுக்கும் ஹாம்ஸ்டர்களுக்கும் இதே மாதிரியான கட்டிகள் வரவில்லை. ஹாம்ஸ்டரின் நுரையீரல் தூசியை வேகமாக வெளியேற்றிவிடுகிறது. எலியால் அது முடிவதில்லை. நுரையீரலில் துகள்களை விழுங்கிச் சுத்தம் செய்யும் கலங்கள் உண்டு, மாக்ரோபேஜ் என்பார்கள். 1988 இல் முன்வைக்கப்பட்ட ஒரு கணிப்பின்படி, இந்தக் கலங்களின் கனவளவில் சுமார் 6 வீதத்தைத் துகள்கள் நிரப்பியதும் சுத்திகரிப்பு மந்தமாகத் தொடங்கும். 60 வீதத்தில் முற்றாக நின்றுவிடும். அதன் பிறகு எந்தத் தூசியாக இருந்தாலும் அழற்சி, கலப்பெருக்கம், கட்டி என்று போகும். இதை 'நுரையீரல் மிகைச்சுமை' என்கிறார்கள்.

அப்படியானால் எலிக்கு வந்த கட்டி துகளின் நச்சா, அல்லது குப்பை நிரம்பியதன் விளைவா? சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2006 இல் டைட்டேனியம் டயொக்சைட்டை 2பி பிரிவில், அதாவது 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்' என்ற பிரிவில் சேர்த்தபோது, ஆதாரம் விலங்குகளிடமிருந்து வந்தது. மனிதரிடமிருந்து கிடைத்த ஆதாரம் போதவில்லை.

வட்ஸ்அப்பில் வரும் அந்த நீதிமன்றச் செய்தியும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். இந்தப் பொருளின் சில தூள் வடிவங்களைச் 'சுவாசித்தால் புற்றுநோய் வரலாம்' என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருந்தது. அதை ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2022 நவம்பரில் ரத்துச் செய்தது. 2025 ஆகஸ்டில் மேல் நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. முக்கிய காரணங்களில் ஒன்று, எலியின் நுரையீரலில் மிகைச்சுமை ஏற்பட்டதா என்று கணக்கிட்டபோது தனித் துகளின் அடர்த்தியை எடுத்துக்கொண்டதுதான். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இடையில் வெற்றிடம் இருப்பதால் திரளின் அடர்த்தி குறைவு. அதே நிறை கூடிய இடத்தைப் பிடிக்கும். இதைக் கணக்கில் எடுக்காதது தெளிவான பிழை என்றது நீதிமன்றம். கவனியுங்கள்: இது சுவாசிக்கும் தூளின் வகைப்படுத்தல் பற்றிய தீர்ப்பு. உணவில் உள்ள தடையை இது தொடவே இல்லை. "நீதிமன்றம் ஆபத்தில்லை என்றது" என்று பகிர்பவர்கள் இரண்டு வெவ்வேறு விடயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

## வடிவமும் நச்சாகும்: காபன் நனோகுழாய்கள்

காபன் இரசாயன ரீதியில் சாதுவான மூலகம். ஆனால் அதை நீண்ட, விறைப்பான குழாயாக்கினால் கதை வேறு. 2008 இல் எடின்பரோ ஆய்வாளர்கள் பல சுவர்க் காபன் நனோகுழாய்களைச் சுண்டெலிகளின் வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நீளமான குழாய்கள் அஸ்பெஸ்டஸ் நார் உண்டாக்குவது போன்ற அழற்சியையும் திசுக்கணுக்களையும் உண்டாக்கின. குட்டையானவையும் சுருண்டு பந்தானவையும் அப்படிச் செய்யவில்லை. மாக்ரோபேஜால் தன்னைவிட நீளமான ஊசியை முழுதாக விழுங்க முடியாது. பாதி விழுங்கித் திணறும் கலம் அழற்சிப் பொருட்களை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். நார் கரையாது, உடையாது, எனவே திணறலும் முடியாது.

பின்னர் ஜப்பானில் 'எம்டபிள்யுஎன்டி-7' என்ற குறிப்பிட்ட வகைக் குழாயை இரண்டு வருடம் சுவாசித்த எலிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. அந்த முடிவு வெளியாகும் முன்பே, 2014 இல், புற்றுநோய் முகவரகம் அந்த ஒரு வகையை மட்டுமே 2பி பிரிவில் வைத்தது. மற்ற நனோகுழாய்களை வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று விட்டது. ஆகவே 'காபன் நனோகுழாய் புற்றுநோய் தரும்' என்ற வசனம் எந்தக் குழாய் என்று சொல்லாதவரை முழுமையாகாது.

இந்த ஒப்பீடு நமக்கு வெறும் பாடப்புத்தக விடயமல்ல. இலங்கையில் எத்தனை வீடுகளுக்கு இன்னும் அஸ்பெஸ்டஸ் கூரை! அதைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் எடுத்த முடிவு, 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும் பிற்போடப்பட்டது. அஸ்பெஸ்டஸின் கெடுதி விலங்குகளிலும் மனிதரிலும் தெளிவாகத் தெரிந்த பிறகும் நிலைமை இது. நனோ நார்களில் விலங்குச் சான்று மனிதச் சான்றை முந்திக்கொண்டு வந்திருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அதை வீணாக்கக்கூடாது.

## கரைபவையும் கரையாதவையும்

வெள்ளித் துகளும் சிங்க் ஒக்சைட்டும் உடலுக்குள் கரைந்து அயன்களை விடும். இவற்றின் நச்சில் பெரும்பகுதி அந்த அயன்களால் வருவது. 56 நனோமீற்றர் வெள்ளியை 90 நாள் வாய்வழியாகக் கொடுத்த ஆய்வில், உடல் நிறையின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 125 மில்லிகிராம் என்ற அளவிலிருந்து எலிகளின் ஈரலில் பாதிப்புத் தெரிந்தது. 30 மில்லிகிராமில் தெரியவில்லை. பெண் எலிகளின் சிறுநீரகத்தில் ஆண் எலிகளைவிட இரண்டு மடங்கு வெள்ளி சேர்ந்தது. ஆணையும் பெண்ணையும் சேர்த்துச் சோதிக்காத ஆய்வு எதைத் தவறவிடும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

சிங்க் ஒக்சைட் இரைப்பை அமிலத்தில் கரைந்துவிடும். தோலில் பூசினால் ஆரோக்கியமான தோலின் வெளிப்படையைத் தாண்டி உள்ளே போவது மிக அற்பம். சன்ஸ்கிரீன் களிம்பு பற்றிய பயத்துக்கு விலங்குச் சோதனைகளில் பெரிதாக ஆதாரம் இல்லை. ஸ்பிரே வேறு விடயம். அது சுவாசத்தோடு போகும். ஐரோப்பிய விஞ்ஞானக் குழுவும் களிம்பில் 25 வீதம் வரை ஏற்றுக்கொண்டு, நுரையீரலுக்குப் போகக்கூடிய ஸ்பிரேயை விலக்கி வைத்தது.

## உணவில் ஈ171: ஒரு சோதனை, இரண்டு விடை

இனிப்பு, சூயிங்கம், மாத்திரை மேற்பூச்சு போன்றவற்றில் வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கும் டைட்டேனியம் டயொக்சைட்டின் குறியீடு ஈ171. நிறமியாகத் தயாரிக்கும் இதில் துகள்களின் எண்ணிக்கையில் கணிசமான பங்கு 100 நனோமீற்றருக்குக் குறைவானது.

பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2017 இல் இதை எலிகளுக்கு 100 நாள் கொடுத்தார்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், குடிநீரில் கலந்து. சுமார் 40 வீதமான எலிகளின் பெருங்குடலில், புற்றுநோய்க்கு முந்திய ஆரம்ப மாற்றங்கள் தெரிந்தன. புற்றுநோய் அல்ல, ஆனால் அலட்சியம் செய்யக்கூடியதும் அல்ல. 2020 ஜனவரியிலிருந்து பிரான்ஸ் உணவில் இதை நிறுத்தியது.

பிறகு 2019 இல் இன்னொரு குழு தீவனத்தில் கலந்து 100 நாள் கொடுத்தது. தீவனத்தின் பத்து இலட்சத்தில் 5,000 பங்கு வரை போயும் அந்த மாற்றங்களைக் காணவில்லை. இந்த ஆய்வுக்குப் பணம் தந்தது தயாரிப்பாளர் சங்கம். அதை மறக்கக்கூடாது, ஆனால் அதை மட்டும் வைத்து ஆய்வைத் தூக்கியெறியவும் முடியாது. நீரில் நன்றாகப் பிரித்துக் கலக்கிய துகள் தனித்தனியாகக் குடலுக்குப் போகும். தீவனத்தின் மாவோடும் புரதத்தோடும் போகும் துகள் திரண்டு ஒட்டிக்கொள்ளும். இரண்டு விடையும் சரியாக இருக்க இடமுண்டு. நாம் இனிப்பாகவும் சாப்பிடுகிறோம், வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையாகவும் விழுங்குகிறோம் என்பதை யோசித்தால், இரண்டில் ஒன்றை மட்டும் நம்புவது கஷ்டம்.

"எலிக்குக் கொடுத்த அளவை மனிதன் ஒருநாளும் சாப்பிட மாட்டான்" என்ற வாதமும் இங்கே அவ்வளவு சரியில்லை. அமெரிக்கச் சிறுவர்கள் உணவு மூலம் உட்கொள்வது கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் என்று 2012 இல் ஒரு மதிப்பீடு வந்தது. துலூஸ் எலிகள் பெற்றது 10. இடைவெளி ஆயிரம் மடங்கு அல்ல. மருந்து ஆய்வில் எலியின் அளவை மனித அளவுக்கு மாற்ற ஏறத்தாழ 6 ஆல் வகுப்பது வழக்கம். அந்தக் கணக்கில் 10 மில்லிகிராம் சுமார் 1.6 ஆகிறது. கரையாத துகளுக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது. என்றாலும், துலூஸ் எலிகளை 'அநியாய அளவு' என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை இது காட்டுகிறது.

2021 மேயில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை சொன்னது இதுதான்: குடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு, ஆனால் உடலில் சேரக்கூடும், டிஎன்ஏக்குச் சேதம் வராது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆகவே பாதுகாப்பானதென்று இனிக் கருத முடியாது. 2022 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவில் தடை. மருந்துகளில் விட்டுவைத்தார்கள். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா-நியூசிலாந்து அமைப்புகள் அதே ஆய்வுகளைப் பார்த்துத் தடை தேவையில்லை என்றன. 2023 இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு, விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவும் அப்படியே சொன்னது. 'நிரூபிக்கப்பட்ட விஷம்' என்பதும் பிழை, 'உலகமே ஏற்றுக்கொண்டது' என்பதும் பிழை. நிறத்தைத் தவிர உணவுக்கு எதையும் தராத ஒரு பொருளில் சந்தேகத்தின் பலனைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

## மேற்பூச்சு மாறினால் முடிவும் மாறும்

2011 இல் ஜப்பானில் கர்ப்பமான சுண்டெலிகளின் நாளத்தில் 70 நனோமீற்றர் சிலிக்காவையும் 35 நனோமீற்றர் டைட்டேனியம் டயொக்சைட்டையும் ஏற்றினார்கள். துகள்கள் நச்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிகளின் ஈரலிலும் மூளையிலும் தெரிந்தன, குட்டிகள் சிறுத்தன. 300, 1,000 நனோமீற்றர் சிலிக்காவால் அது நடக்கவில்லை. அதே 70 நனோமீற்றர் சிலிக்காவின் மேற்பரப்பில் வேறு இரசாயனக் கூட்டங்களை ஒட்டிக் கொடுத்தபோதும் பாதிப்பு நின்றுவிட்டது. நாளத்தில் ஏற்றியதால் இது அன்றாட வாழ்வுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் துகளைப் பாதுகாப்பானதாக வடிவமைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

## செய்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை

1. எந்தத் துகள்: அளவு, வடிவம், மேற்பூச்சு என்ன? கரையுமா?
2. எந்த வழி? ஊசியில் போனதை வைத்து உணவைப் பற்றிப் பேசுகிறார்களா?
3. எவ்வளவு, எத்தனை நாள்? குறைந்த அளவிலும் பாதிப்பு வந்ததா?
4. எந்த விலங்கு? இன்னொரு இனத்தில் அதே முடிவு வந்ததா?
5. கண்டது நோயா, நோய்க்கு முந்திய மாற்றமா, துகள் தேங்கியது மட்டுமா?

2021 ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்த நனோ நைதரசன் திரவ உரத்தைப் பற்றி எழுந்த பயத்துக்கும் இதே கேள்விகள் போதும். அதில் உள்ள யூரியா நீரில் கரையும். கரையாத துகள் நுரையீரலில் தேங்கும் பிரச்சினை அதற்குப் பொருந்தாது. பயிருக்கு அது பலன் தந்ததா என்பது வேறு விவாதம்.

## இலங்கையில் யார் கவலைப்பட வேண்டும்

விலங்கு ஆய்வுகளில் மிக உறுதியானவை சுவாசம் சார்ந்தவை. அவற்றிலிருந்து கணக்கிட்டே அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவகம் 2011 இல் வரம்புகளைப் பரிந்துரைத்தது: சாதாரண டைட்டேனியம் டயொக்சைட் தூசிக்குக் கன மீற்றருக்கு 2.4 மில்லிகிராம், நனோ அளவுக்கு 0.3 மில்லிகிராம். காபன் நனோகுழாய்க்கு 2013 இல் வந்த பரிந்துரை வெறும் 1 மைக்ரோகிராம். எலிகளின் உயிரைக் கொடுத்துப் பெற்ற எண்கள் இவை. பயன்படுத்தாமல் விட்டால் அந்தச் சோதனைகளுக்கு நியாயமே இல்லாமல் போகும்.

பெயின்ட், பிளாஸ்டிக், இறப்பர், மட்பாண்டம், மாத்திரைத் தயாரிப்பு என்று வெள்ளைத் தூளைப் பையிலிருந்து கொட்டும் வேலைகள் கொழும்பைச் சுற்றி ஏராளம். ஹோமாகமையில் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் இயங்குகிறது. போகலையிலும் கஹட்டகஹவிலும் எடுக்கும் காரீயத்திலிருந்து (கிராபைட்) கிராபீன் என்ற மிக மெல்லிய காபன் தாள் செய்யும் ஆசையும் நாட்டுக்கு உண்டு. நல்ல ஆசைதான். நனோ தூளைக் கையாளப்போகிறவர்களின் மூச்சும் அந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கில் வர வேண்டும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் தூசியைக் கட்டுப்படுத்தும் கடமை முதலாளிக்கு இருக்கிறது.

வேலைத்தலத்தில் செய்யக்கூடியவை சிக்கலானவை அல்ல. தூளைக் கொட்டும் இடத்திலேயே காற்றை உறிஞ்சி வடிகட்டும் அமைப்பு வேண்டும். முடிந்த இடத்தில் தூளாக வாங்காமல் பசையாகவோ கரைசலாகவோ வாங்கலாம். தும்புத்தடியால் கூட்டுவதையும் காற்றடித்து ஊதுவதையும் விட்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துணி மாஸ்க், சத்திரசிகிச்சை மாஸ்க் போதாது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 வகை மாஸ்க் நனோ அளவுத் துகளையும் பிடிக்கும், தாடி இடையில் இல்லாவிட்டால். அதை வாங்கித் தரும் செலவு நாட்கூலிக்கு வருபவரின் பையிலிருந்து போகக்கூடாது.